குளிருக்கு என்ன சமைக்கலாம் என்று கேட்ட வினிபெக் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைக் காலையிலேயே பார்த்தேன். வேலை முடிந்து வந்து பதில் எழுத இரவாகிவிட்டது. கனடாவில் இந்த வினிபெக் ஊருக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது, பெம்பினா சாலைப் பக்கம் இரண்டு பேரோடு சேர்ந்து வாடகைக்கு இருக்கிறேன், குளிர் தொடங்கிவிட்டது, இதமாக வீட்டில் என்ன சமைத்துச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே இன்ஸ்டன்ட் பாட் என்கிற மின்சாரக் குக்கர் வாங்கலாமா, ஊரிலிருந்து வருகிற நண்பனிடம் என்ன கொடுத்துவிடச் சொல்லலாம், மாதம் கரண்டுக்கு எவ்வளவு ஆகும் என்றும் மூன்று கேள்வி.

கடைசி இரண்டையும் இப்போதே முடித்துவிடுகிறேன். கரண்டு பில் வீட்டைப் பொறுத்தது; வாடகையில் சேர்ந்திருக்கிறதா என்று ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ஊரிலிருந்து நல்ல பெருங்காயம், சுண்டைக்காய் வற்றல், அம்மா கையால் இடித்த பொடி, இவ்வளவு போதும். எது கொண்டுவந்தாலும் விமான நிலையத்தில் மறைக்காமல் சொல்லிவிடச் சொல்லுங்கள், மறைத்து மாட்டினால் அபராதம். மற்றதெல்லாம் இங்கேயே கிடைக்கிறது.

என்ன சமைப்பது என்பதற்கு யாரும் பதில் சொல்லிவிடுவார்கள். மிளகு ரசம், பூண்டுக் குழம்பு, கொள்ளுத் துவையல், வெண்பொங்கல். உங்களுக்கும் தெரியும். இந்த ஊர் வீட்டுக்குள், ஜன்னல் சட்டத்தில் ஐஸ் கட்டிக் கிடக்கிற ஜனவரியில், அதையெல்லாம் எப்படிச் சமைப்பது என்பதுதான் யாரும் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. நான் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் விருதுநகர்க்காரன். எங்கள் ஊரில் குளிர் என்றால் மார்கழி விடியற்காலையில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவது, அவ்வளவுதான். 2013 நவம்பரில் இங்கே வந்து இறங்கினேன். டிசம்பர் 31 அன்று, செவ்வாய்க் கிரகத்தில் ஊர்ந்துகொண்டிருந்த கியூரியாசிட்டி வண்டி அனுப்பிய அளவைவிட வினிபெக்கில் குளிர் அதிகம் என்று இங்குள்ள மனிடோபா அருங்காட்சியகம் சொல்ல, அது உலகமெல்லாம் செய்தியாக ஓடியது. அன்று கிழமையும் செவ்வாய். சித்தப்பா போன் பண்ணி, "கனடாவுக்குத்தான போன?" என்று கேட்டார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படித்தான் இருந்தது. 2014 பிப்ரவரி, மார்ச்சில் மண்ணுக்கடியில் குழாய்களே உறைந்து, ஊரில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் தண்ணீர் நின்றுபோனது. உறைகிற ஆபத்து இருந்த வீட்டுக்காரர்களிடம், குழாயைப் பென்சில் கனத்துக்கு ராத்திரி பகலாக ஓடவிடுங்கள் என்று நகராட்சியே சொன்னது. ஒரு குடம் தண்ணீருக்கு மூன்று தெரு நடந்து வளர்ந்தவனுக்கு அந்தச் சத்தத்தில் தூக்கம் வருமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாளாக எனக்குச் சளி, மூக்கு உள்ளே காய்ந்து ரத்தம் வேறு. மிளகு ரசம் வைத்துச் சோற்றில் கரைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று இறங்கினேன். அடுப்பு உங்கள் வீட்டில் இருப்பது மாதிரியேதான் இருந்திருக்கும், கம்பிச்சுருள் மின்னடுப்பு. ரசம் நுரை கட்டி வந்தது, இறக்கி வைத்தேன். சின்ன வாணலியில் எண்ணெய் ஊற்றி, கடுகு வெடித்ததும் நாலு மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்டு, ஊர்ப் பழக்கத்தில் அடுப்பை அணைத்தேன். கேஸ் அடுப்பு என்றால் திருகினதும் அடங்கிவிடும். இது அடங்காது. அணைத்த பிறகும் அந்தச் சுருள் சில நிமிஷம் கொதிக்கக் கொதிக்கச் சூடாகவே இருக்கும். நான் கறிவேப்பிலை தேடி ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டிருந்த நேரத்தில் வற்றல் கருகி, வீடு முழுக்கக் கமறல். அறை நண்பர்கள் இரண்டு பேரும் இருமிக்கொண்டே ஓடி வந்தார்கள். கூரையில் இருந்த ஸ்மோக் அலாரம் கத்த ஆரம்பித்தது.

அதுவரைகூட ஒன்றுமில்லை. துண்டை எடுத்து விசிறியிருந்தால் அடங்கியிருக்கும். புகை போகட்டும் என்று நான் வாசல் கதவைத் திறந்துவிட்டேன். வராந்தாவில் இருக்கிற அலாரம் கட்டடம் முழுவதற்கும் பொதுவானது என்று எனக்கு அப்போது தெரியாது. ஏழு மாடியும் இறங்கி வெளியே நின்றது. மைனஸ் 28. கைக்குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஒரு பெண், ஷாம்பு நுரையோடு ஒரு ஆள், நடுவில் நான் லுங்கி, பனியன், ரப்பர் செருப்போடு. இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்தன. ஒரு ஆள் என் வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு இருமிக்கொண்டே வந்து, "என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்றார். "சூப்" என்றேன். அவர் அதை நம்பவில்லை.

மற்றவர்களெல்லாம் அவரவர் காருக்குள் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு ஏது கார்? நான்காம் மாடியில் இருந்த உக்ரைன் வம்சத்துக் கிழவி ஒருவர், இரவு உடுப்புக்கு மேலே கனத்த கோட்டு போட்டிருந்தவர், தன் கார்க் கதவைத் திறந்து என்னை உள்ளே உட்காரச் சொன்னார். ஐந்து நிமிஷம் ஒன்றுமே பேசவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "ஜன்னல். கதவு இல்லை. ஜன்னல்" என்றார்.

தம்பி, இதை முதலில் எழுதிச் சமையலறையில் ஒட்டிவையுங்கள். புகை வந்தால் ஜன்னலைத் திறங்கள், வராந்தாக் கதவைத் திறக்காதீர்கள். எவ்வளவு குளிராக இருந்தாலும் இரண்டு நிமிஷம் ஜன்னல் திறந்திருந்தால் வீடு ஒன்றும் உறைந்துவிடாது. அலாரத்தைக் கழற்றி வைப்பது, பிளாஸ்டிக் பையைக் கட்டி வாயை மூடுவது, இதெல்லாம் நம் ஆட்கள் சொல்லிக்கொடுப்பார்கள். செய்யாதீர்கள். சட்டப்படியும் தப்பு, நிஜமாகவே தீப்பிடித்தால் உயிருக்கும் வினை. அடுப்புக்கு மேலே காற்றாடி இருக்கிறதே, அதை நம்பியும் ஏமாறாதீர்கள். பல வாடகை வீடுகளில் அது புகையை வெளியே தள்ளுவதில்லை. ஒரு சல்லடையில் விட்டு உங்கள் முகத்துக்கே திருப்பி ஊதும்.

தாளிப்பதற்கு இங்கே புதுப் பழக்கம் வேண்டும். தட்டையான அடி உள்ள சின்னப் பாத்திரம் வாங்குங்கள். ஊர் வாணலி இந்தச் சுருள்மேல் நிற்காமல் ஆடும். பத்து வரை எண் போட்ட குமிழை ஐந்துக்கு மேல் ஏற்றாதீர்கள். எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டு முக்கால் மூடி போடுங்கள். கடுகு வெடிக்க ஆரம்பித்ததும் அடுப்பை அணைக்கிற வேலை எல்லாம் அப்புறம், முதலில் பாத்திரத்தைத் தூக்கிப் பக்கத்து மேடைக்குக் கொண்டுபோய்விடுங்கள். மிளகாய் வற்றலை அங்கே வைத்து, எண்ணெயில் மிச்சம் இருக்கிற சூட்டில் போடுங்கள். சிவக்கும், கருகாது. பெருங்காயமும் அப்படியே. பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான் தாளிக்கிறேன், ஒரு முறைகூட அலாரம் அடித்ததில்லை. என் மனைவி இதை நம்ப மாட்டாள், அவள் கணக்கில் இரண்டு முறை.

இன்னொன்று, கோட்டு. வாசலை ஒட்டி அலமாரி கட்டி, அதில் கோட்டை மாட்டச் சொல்லிவிடுகிறார்கள். அதற்கு நேர் எதிரே சமையலறை. இறகு அடைத்த கோட்டு ஒருமுறை தாளிப்பைக் குடித்துவிட்டால் ஏப்ரல் வரை விடாது. அதை அடிக்கடி துவைக்கவும் முடியாது. சமைக்கும் முன்னால் கோட்டு, குல்லா, மப்ளர் எல்லாவற்றையும் படுக்கையறையில் போட்டுக் கதவைச் சாத்துங்கள். இதைச் சொன்னவுடன், "நம்ம சாப்பாட்டு வாசனைக்கு நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் வெட்கப்படவில்லை. வீட்டில் மணக்கிற வெங்காயம் பஸ்ஸில் மணக்காது, நாறும், அவ்வளவுதான். இன்னொரு கூட்டம் இருக்கிறது, வாசனை வரும் என்று பயந்து ஐந்து மாதம் தாளிக்காமலே காலம் தள்ளுகிறவர்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கு அதைவிடப் பாவமாக இருக்கும். உறைந்த பரோட்டாப் பொட்டலம் பத்து வாங்கி அடுக்கிவைத்து, தினம் இரண்டு சுட்டு ஊறுகாயோடு முடித்துக்கொள்கிறார்கள். எண்ணெய்ப் பரோட்டா ஊரில் பிறந்தவன் நான். அந்த அட்டைக்குப் பரோட்டா என்று பெயர் வைத்ததே எனக்கு வயிற்றெரிச்சல்.

இனி ரசம். நம் ஊர்க் குளிர் மழையோடு வருகிற ஈரக் குளிர். அதற்குச் சூடாக, மொறுமொறுப்பாக, பஜ்ஜி கேட்கும். இங்கே மைனஸ் முப்பதில் காற்றில் ஈரமே இருக்காது. வீட்டுக்குள் ஹீட்டர் இன்னும் காயவைக்கும். கையில் தோல் வெடிக்கும், சட்டை கழற்றினால் பொறி பறக்கும். உடம்பு நீராகத்தான் எதையாவது கேட்கும், கூடவே கொஞ்சம் கொழுப்பும். அதனால் இங்கே பஜ்ஜியைவிட ரசமும் கஞ்சியும்தான் எடுபடும் என்பது என் கட்சி. சுக்குக் காபி என்பார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை, தொண்டையை இன்னும் காயவைக்கிறது. உங்களுக்கு ஒத்துவந்தால் குடியுங்கள்.

உங்களிடம் குக்கர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். துவரம் பருப்பை மறந்துவிட்டு மைசூர் பருப்பு வாங்குங்கள், அந்த ஆரஞ்சு நிறச் சின்னப் பருப்பு. ஊறவைக்க வேண்டாம், மூடி போட்டுச் சாதாரணச் சட்டியிலேயே பதினைந்து, இருபது நிமிஷத்தில் குழைந்துவிடும். மூன்று பேருக்கு அரைக் கப் பருப்பு, எலுமிச்சை அளவு புளி. தக்காளிக்குக் குளிர்காலத்தில் கடையில் இருக்கிற பழத்தைத் தொடாதீர்கள், உள்ளே பஞ்சு. 796 மில்லி டின் தக்காளி வாங்குங்கள். ஒரு டின் மூன்று ரசத்துக்கு வரும், மிச்சத்தை உறையவைத்துவிடலாம். மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, தோலோடு ஆறு பல் பூண்டு. மிக்ஸி இல்லாவிட்டால் பையில் போட்டு ஒரு டின்னை வைத்துத் தட்டுங்கள். நைசாக அரைத்த மிளகைவிட ஒன்றிரண்டாக உடைந்த மிளகுதான் ரசத்துக்கு அழகு. புளித்தண்ணீர் பச்சை வாசனை போகக் கொதித்த பிறகு பருப்பைக் கரைத்து ஊற்றி, நுரை கூடி மேலே எழும்பும்போது இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் அது குழம்பும் இல்லை, ரசமும் இல்லை.

மைசூர் பருப்பு என்றதும் ஊரில் பலருக்கு மூஞ்சி சுருங்கும். எனக்கு அப்படியில்லை, காரணம் இருக்கிறது. அப்பா விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் கணக்கு எழுதினார். எங்கள் ஊர் பருப்பு, எண்ணெய், வற்றல் வியாபாரத்துக்குப் பேர் போனது. பள்ளிக்கூடம் விட்டு மில்லுக்குப் போனால் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வந்த பட்டாணி மூட்டைகளைக் 'கனடா' என்றுதான் சொல்வார்கள். "கனடா ஐம்பது இறக்கு, பர்மா இருபது ஏத்து." கனடா என்பது ஒரு நாடு என்று தெரிவதற்கு முன்னால் எனக்கு அது ஒரு மூட்டை.

இங்கிருந்து மேற்கே ஆறு மணி நேரம் கார் ஓட்டினால் சஸ்காச்சுவான் மாநிலத்து ரெஜைனா. அதைச் சுற்றி அந்தப் பருப்பும் பட்டாணியும் கடுகும் காடுகாடாக விளைகின்றன. 1970களுக்கு முன்னால் அங்கே பருப்பு விவசாயம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. சஸ்காச்சுவான் பல்கலைக்கழகம் 1978இல் லேர்ட் என்று ஒரு பச்சைப் பருப்பு ரகத்தை வெளியிட்டது, அதற்கப்புறம்தான் சூடு பிடித்தது. இன்று உலகத்திலேயே அதிகமாக மைசூர் பருப்பு வகையறாவை ஏற்றுமதி செய்கிற நாடு கனடா. 2017 நவம்பரில் இந்தியா பட்டாணி இறக்குமதிக்கு 50 சதவீத வரி போட்டபோது இங்கே வானொலியில் விவசாயிகள் புலம்பினார்கள். அதே வாரம் போனில் அப்பா, "மில்லுல சரக்கு இல்லப்பா" என்றார். இரண்டு பக்கப் புலம்பலையும் கேட்ட ஆள் வினிபெக்கில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். ஊரிலிருந்து இரண்டு பெட்டி நிறையப் பருப்பு கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவது அதனால்தான். இங்கே விளைந்த பருப்பைக் கடல் தாண்டி அனுப்பி, திரும்பக் கூடுதல் எடைக்குக் காசு கட்டி எடுத்து வருகிறார்கள்.

வெண்பொங்கல் பற்றி ஒன்றே ஒன்று. தட்டைச் சூடு பண்ணுங்கள். சமையலறை அலமாரி வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் உள்ளே இருக்கிற எவர்சில்வர் தட்டு ஐஸ் மாதிரி இருக்கும். அதில் நெய் மிதக்கப் பொங்கலை வைத்தால் இரண்டாவது வாய்க்குள் நெய் வெள்ளையாக உறைந்து மேலண்ணத்தில் ஒட்டும். வெந்நீரில் தட்டை அலசித் துடைத்துவிட்டுப் பரிமாறுங்கள். மார்கழி மாதம், வெளியே மைனஸ் முப்பது, சூடான தட்டில் மிளகுப் பொங்கல். அதற்குச் சமமாக இந்த ஊரில் ஒன்றும் கிடையாது.

கிடையாது என்று எழுதிவிட்டேன், ஒன்று இருக்கிறது. நான் முதலில் வேலை பார்த்த கிடங்கில், இரவு முறையில், பிலிப்பைன்ஸ்காரர்கள்தான் அதிகம். இந்த ஊரில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அவர்கள்தான். 1960களின் கடைசியில் தையல் ஆலைகளுக்கு ஆள் எடுத்தபோது கூட்டமாக வரத் தொடங்கினவர்கள். அங்கே மூத்த பெண்மணி ஒருவரை எல்லோரும் 'ஆத்தே' என்று கூப்பிடுவார்கள். அவர்கள் மொழியில் அக்கா என்று அர்த்தம். எனக்கு அது 'ஆத்தா' என்றுதான் காதில் விழுந்தது, அப்படியேதான் கூப்பிட்டேன். அவரும் திருத்தவில்லை. அந்த அலாரக் கூத்துக்கு அடுத்த வாரம், மூக்கைச் சிந்திக்கொண்டு ரொட்டித்துண்டு தின்றுகொண்டிருந்த என் முன்னால் ஒரு பிளாஸ்க்கைத் திறந்து வைத்தார். ஆரோஸ் கால்தோ. இஞ்சி அள்ளிப்போட்டு, கோழிச்சாற்றில் குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சி, மேலே வறுத்த பூண்டு. நோன்புக்கஞ்சிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது. மூன்றாவது கரண்டியில் மூக்கு திறந்துகொண்டது. கண்ணும்தான்.

அவர்தான் சினிகாங் என்ற புளிச்சாற்றையும் காட்டினார். புளியில் காய்கறி, மீன் அல்லது இறைச்சி போட்டுக் கொதிக்கவைப்பது. தாளிப்பு கிடையாது, அதனால் அலாரமும் கிடையாது. பிலிப்பைன்ஸ் கடைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போய் உறைபெட்டியிலிருந்து ஒரு பச்சைப் பொட்டலத்தை எடுத்து, "மலுங்காய்" என்றார். பார்த்தால் நம் முருங்கைக்கீரை, உருவிச் சுத்தம் செய்து உறையவைத்தது. ஊரில் வேலியோரம் சும்மா கிடந்ததை மைனஸ் முப்பதில் காசு கொடுத்து, கும்பிடாத குறையாக வாங்கினேன். ரசத்துக்கு வேகிற பருப்பில் ஒரு பிடி போட்டுப் பாருங்கள். நம் கடைகளில் மட்டும் சுற்றிக்கொண்டு, ஒன்றுமே கிடைக்கவில்லை என்று அழுகிற நம் ஆட்களிடம் இதைச் சொன்னால், "அங்க மீன் நாத்தம் அடிக்குமே" என்பார்கள். அவர்கள் கோட்டு வாசனையைப் பற்றி யார் அவர்களிடம் சொல்வது?

நான்காம் மாடிக் கிழவியும் சும்மா இல்லை. பிப்ரவரியில் ஒரு நாள் கதவைத் தட்டி ஒரு டப்பா கொடுத்தார். உள்ளே பெரோகி. உருளைக்கிழங்கு வைத்து மடித்து வெந்நீரில் அவித்த மைதா கொழுக்கட்டை. வெண்ணெயில் வதக்கிய வெங்காயமும் புளித்த கிரீமும் சேர்த்துச் சாப்பிட வேண்டும். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் உப்பைத் தவிர வேறு எதுவும் நாக்கில் தட்டவில்லை. இப்போது கடையில் உறைந்த பெரோகி வாங்கி, வெங்காயத்தோடு கடுகு, கறிவேப்பிலை தாளித்து, மேலே இட்லிப் பொடி தூவித் தருகிறேன். என் பிள்ளைகளுக்கு அதுதான் குளிர்காலச் சாப்பாடு, ரசம் இல்லை. அதை நினைத்தால் கொஞ்சம் சங்கடம்தான். கிழவிக்கும் ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு நிறையத் தண்ணீர் குடித்தார்.

இட்லி மாவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். மேடையில் வைத்தால் இரண்டு நாளானாலும் கல்லாகத்தான் கிடக்கும், இருபத்தெட்டு முப்பது டிகிரியாவது வேண்டும் அதற்கு. ஓவனுக்குள் வைத்து உள்விளக்கை மட்டும் போட்டுவிட்டால் ராத்திரிக்குள் பொங்கிவிடும். பழைய குண்டு பல்பாக இருக்க வேண்டும், எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. வைத்த கையோடு ஓவன் குமிழின் மேல் பெரிய தாளில் 'மாவு' என்று எழுதி ஒட்டுங்கள். நான் ஒட்டவில்லை. அறை நண்பன் ராத்திரி பீட்சா சுட 425 ஃபாரன்ஹீட்டில் ஓவனைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். பிளாஸ்டிக் மூடி உருகி மாவுக்குள் வழிந்து, மேலே பொன்னிறமாக ஒரு ஓடு கட்டியிருந்தது. நாலு கப் அரிசி, ஒரு கப் உளுந்து. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் அவனைப் பார்த்தால் அந்த வாசனைதான் வருகிறது. அவன் இப்போது கால்கரியில் இரண்டு வீடு வாங்கிவிட்டான்.

இன்ஸ்டன்ட் பாட் வாங்குங்கள். அதுவும் ஒட்டாவாவில் 2010இல் பிறந்த கனடாச் சரக்குதான். தயிர்ப் பொத்தான் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் மாவுக்கும் ஆகும், பீட்சாக்காரனிடமிருந்தும் தப்பிக்கலாம். விசில் சத்தம் இல்லாத குறை ஒன்றுதான். நாலாவது விசில் எப்போது வரும் என்று காது கொடுத்துக்கொண்டே வளர்ந்தவர்களுக்கு முதல் மாதம் கை ஓடாது.

டொராண்டோவில் இருக்கிறவர்கள் சொல்கிற குளிர்காலச் சமையல் குறிப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். என் சகலை ஸ்கார்பரோவில் இருக்கிறார். மைனஸ் ஒன்பது வந்தால் போட்டோ எடுத்து, "செத்தோம் அண்ணாச்சி" என்று அனுப்புவார். மைனஸ் ஒன்பதில் நாங்கள் இங்கே கோட்டு ஜிப்பைத் திறந்துவிட்டு நடப்போம். அவருக்குத் தெருமுனையில் வாழைப்பூ கிடைக்கிறது, வாசலில் கடை. காய்கறி வாங்கினோமா, வீட்டுக்குப் போனோமா என்று அவர் எழுதுவார். நமக்கு இரண்டுக்கும் நடுவில்தான் விஷயமே இருக்கிறது.

என்ன விஷயம் என்றால், கறிவேப்பிலை. வந்த புதிதில் ஒரு கட்டு வாங்கி, வெளியே தெரிகிற பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் பதினைந்து நிமிஷம் நின்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் இலை முழுக்கக் கறுத்து, தாளில் மை ஊறின மாதிரி ஈரமாகத் தொய்ந்துபோயிருந்தது. பச்சை மிளகாய் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டதும் நசுங்கியது. வாழைப்பழத்தைச் சொல்லவே வேண்டாம். அன்றிலிருந்து கறிவேப்பிலையையும் கொத்தமல்லியையும் கோட்டுக்குள், சட்டையை ஒட்டி வைத்துக்கொண்டுதான் வருவேன். கீரைக் கட்டைக் குழந்தை மாதிரி நெஞ்சில் அணைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன். இப்போது கார் இருக்கிறது, ஆனாலும் டிக்கியில் வைப்பதில்லை, முன் இருக்கையில் ஹீட்டருக்குப் பக்கத்தில்தான். வாங்கி வந்ததும் உருவி, ஈரம் போகத் துடைத்து, மூடி போட்ட டப்பாவில் உறையவைத்துவிடுங்கள். தாளிப்புக்கு அப்படியே எடுத்துப் போடலாம். ஈரம் இருந்தால் எண்ணெய் மூஞ்சியில் தெறிக்கும், ஜாக்கிரதை. தொட்டியில் செடி வளர்க்கலாம் என்று ஆசைப்பட்டால், குளிரில் இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நிற்கும். செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தண்ணீரைக் குறைத்துத் தெற்கு ஜன்னலில் வையுங்கள், வெயில் வந்ததும் துளிர்க்கும். நான் இரண்டு செடியைத் தூக்கிப் போட்ட பிறகுதான் இது தெரிந்தது.

இந்த வாரம் கறிவேப்பிலை வெள்ளிக்கிழமை வருகிறது என்று கடைக்காரர் சொன்னார். சனிக்கிழமை மதியம் போகிறேன், உங்களுக்கும் ஒரு கட்டு எடுத்துவைக்கிறேன். பெம்பினா வழியாகத்தான் திரும்புவேன், வாசலுக்கு வந்து போன் பண்ணுகிறேன். இறங்கி வரும்போது கோட்டு போட்டுக்கொண்டு வாருங்கள், ஜிப்பைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.